கல்கி பத்திரிகைக்காரரா, சரித்திர நாவல்காரரா?

2023 மே 7

படம் ரெண்டையும் பார்த்து முடிச்சிட்டு இப்பதான் பொன்னியின் செல்வன் புத்தகத்துல இறங்கியிரிக்கன். முதல் பாகம் பாதி. ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டுற சத்தத்தோட, இல்லாட்டி இருட்டுக்குள்ள யாரோ அலறுற சத்தத்தோட முடியுது. எனக்கு இது சரித்திரம் மாதிரித் தெரியல்ல, வாராவாரம் பத்திரிகை விக்கிறதுக்கு எழுதின மாதிரித்தான் கிடக்கு. கல்கி அடிப்படையில பத்திரிகைக்காரர்தானே. அவரை ஏன் சரித்திர நாவலாசிரியர் எண்டு தூக்கி வெக்கிறம்? அண்ணன்மார் யாராவது சொல்லுங்க.

மே 7, இரவு

தம்பி, நல்ல கேள்வி. பத்திரிகைக்காரரா இருந்தபடியாத்தான் அவரால அந்தச் சரித்திரத்தை எழுத ஏலுமா இருந்த எண்டு நான் சொல்லுவன். நாளைக்கு விரிவா எழுதுறன், இப்ப கரண்ட் போற நேரம்.

மே 8

முதல்ல ஆளைப் பாருங்க. 1899 செப்டெம்பர் 9, மாயவரம் பக்கத்துல புத்தமங்கலம், பேர் கிருஷ்ணமூர்த்தி. திருச்சியில பள்ளிக்கூடம் படிச்சிட்டு இருந்த பொடியன் 1921ல காந்தி கூப்பிட்டார் எண்டு படிப்பை விட்டுட்டு வெளிய வந்தார், அடுத்த வருசம் ஒரு வருச ஜெயில். 1923ல திரு.வி.க. நடத்தின நவசக்தியில உதவி ஆசிரியர். திரு.வி.க.ட தமிழ் மேடைத் தமிழ், நீளமா உருண்டு வரும், ஆனா அவருக்குக் கீழ வேலை பார்த்த ஆள் எழுதினதோ பக்கத்து வீட்டுத் திண்ணையில இருந்து கதைக்கிற தமிழ். அங்கயிருந்து திருச்செங்கோடு காந்தி ஆசிரமம், ராஜாஜியோட சேர்ந்து விமோசனம் எண்டு மதுவிலக்குப் பத்திரிகை. குடியை விடச் சொல்றதுக்கு மட்டும் ஒரு பத்திரிகை, அதுல ஆக்கள் படிக்கிற மாதிரி கதை எழுதோணும்! புத்தி சொல்றதைக் கதைக்குள்ள கரைச்சு விடுற கை அவருக்கு அங்கதான் வந்திருக்கோணும் எண்டு நான் நினைக்கிறன். பிறகு 1931ல ஆனந்த விகடன். வாசன் முதலாளி, இவர் ஆசிரியர். தலையங்கம், சிறுகதை, பயணக் கட்டுரை எல்லாம் எழுதினார், கர்நாடகம் எண்ட பேர்ல ஆடல் பாடல் பகுதியில சங்கீத விமர்சனமும் எழுதினார், பாடகர்மாரே அடுத்த இதழ்ல என்ன வரப் போகுது எண்டு பயந்து பார்த்த பகுதி அது. 1937ல கள்வனின் காதலி. அடுத்து தியாகபூமி, கதை விகடன்ல தொடரா ஓடிக்கிட்டிருக்க அதே கதையை கே. சுப்பிரமணியம் படமா எடுக்க, படத்துல வாற போட்டோக்களே தொடருக்குப் படமாப் போச்சு. படம் 1939, வெள்ளைக்காரன் பிறகு தடை போட்டான். 1941ல விகடன்ல இருந்து கோபிச்சிட்டுப் போய் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். சரித்திர நாவல் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

கணக்குப் பாருங்க. பார்த்திபன் கனவு தொடங்கேக்க அவருக்கு வயசு 42. அதுக்கு முந்தி 18 வருசம் பேப்பர் வேலை.

மே 9

நேத்து "கோபிச்சிட்டுப் போய்" எண்டு எழுதினது சரியில்ல. தனிநபர் சத்தியாக்கிரகத்துல இறங்கி 3 மாசம் ஜெயிலுக்குப் போனார், வெளிய வந்து திரும்பி விகடனுக்குப் போகல்ல, அதுதான் நடந்த. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிட புருசன் சதாசிவத்தோட சேர்ந்து 1941 ஆகஸ்ட்ல கல்கி பத்திரிகை வந்த. அதுக்குத் தேவைப்பட்ட காசுக்கு எம்.எஸ். சாவித்திரி படத்துல நாரதரா வேசம் போட்டு நடிச்சா. ஒரு பெரிய பாடகி ஆம்பிளை வேசம் கட்டி உழைச்ச காசு அந்தப் பத்திரிகைக்குள்ள கிடக்கு, இதை நான் யார்கிட்டச் சொன்னாலும் நம்பிறாங்க இல்ல.

மே 13

நான் எப்பிடிப் படிச்சன் எண்டதைச் சொல்லோணும், இல்லாட்டி நான் ஏன் இவ்வளவு பிடிவாதமா நிக்கிறன் எண்டு விளங்காது.

எங்கட மாமி வீடு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடி. மாமிட வாப்... இல்ல, இது பக்கத்து வீட்டு முஸ்லிம் காக்கா ஆக்களோட இருந்து வந்த பழக்கம், மாமிட அப்பாவுக்கு கல்கி ஒவ்வொரு கிழமையும் கப்பல்ல வந்து, ரயில்ல வந்து, கடைசியில ஒரு சைக்கிள் கரியர்ல வந்து சேரும். அவர் பொன்னியின் செல்வன் தொடர்ப் பக்கங்களை மட்டும் கழட்டி எடுத்து ஊசி நூலால தைச்சு காலிகோ அட்டை போட்டு பைண்ட் பண்ணி வெச்சிருந்தார். அஞ்சு பாகம். மணியம் கீறின படங்களோட. விளம்பரங்களும் அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கும், வந்தியத்தேவன் சுரங்கப் பாதைக்குள்ள நிக்கிறார், அடுத்த பக்கத்துல தலையிடித் தைலம். 1978 நவம்பர் 23 சூறாவளியில கூரை போய் மூண்டாம் பாகம் தண்ணியில ஊறி ஒரே கட்டியாப் போச்சு. மாமி அதை வெயில்ல காய வெச்சுப் பார்த்தா, பக்கம் பிரியல்ல. அதால நான் 14 வயசுல புது வெள்ளம், சுழற்காற்று படிச்சிட்டு நேரா நாலாம் பாகம் மணிமகுடத்துக்குப் பாய்ஞ்சன். அந்த மூண்டாம் பாகம், கொலை வாள், எனக்குக் கிடைச்சது 29 வயசுல.

நடுவுல ஒரு பாகமே இல்லாமல் எனக்குக் கதை விளங்கின. ஏன் எண்டா போன கிழமை இதழ் கிடைக்காத ஆள் ஒருத்தர் எங்கயோ ஒரு ஊர்ல இருப்பார் எண்டு கல்கிக்குத் தெரியும். ஆரோ ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு நடந்ததை எல்லாம் சொல்லும், இல்லாட்டி கல்கியே நேரா வந்து "நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும்" எண்ட தொனியில கதைப்பார். புத்தகமா ஒரே மூச்சில படிக்கிற தம்பிக்கு இது திருப்பித் திருப்பிச் சொல்ற மாதிரிக் கிடக்கும். தபால் பிந்தி வாற ஊர்ல இருந்து படிச்சவங்களுக்கு அது பெரிய உதவி.

மே 14

ஒரு கணக்கு விட்டுப் போச்சு. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29ல தொடங்கி 1954 மே 16ல முடிஞ்ச. 185 வாரம் சொச்சம். அத்தியாயம் 57, 53, 46, 46, கடைசிப் பாகம் மட்டும் 91, மொத்தம் 293. கிழமைக்கு ஒண்டு, ரெண்டு. பத்திரிகைக்கு ஆசிரியர் வேலையும் பார்த்துக்கொண்டு. முடிச்சு ஏழு மாசத்துக்குள்ள, 1954 டிசம்பர் 5, காச நோயில ஆள் போயிட்டார். 55 வயசு.

மே 16

காரைதீவுத் தங்கச்சி கேட்டிருக்கா, "தொடர் எழுதிற கை வேற, சரித்திரம் தெரியிற தலை வேற, அவருக்கு ரெண்டாவது இருந்ததா?" எண்டு. இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தன்.

நான் 11 வருசம் பிரதேச நிருபரா இருந்த ஆள். எந்தப் பத்திரிகை எண்டு வேணாம். வந்த செய்தியை அளந்து காசு தருவாங்க, பல மாசம் தரவும் மாட்டாங்க, அது இப்ப கதை இல்ல. அந்த வேலையில ஒண்டு பழகும். ஒரு அறிக்கை கையில வந்தா அதுல இருக்கிற நாலு வரியை விட இல்லாத அஞ்சாவது வரியில கண் போகும். "இன்னாரின் காணி அரசுடைமையாக்கப்பட்டது" எண்டு மட்டும் இருந்தா, ஏன் இப்ப? ஏன் போன வருசம் இல்ல? ஆர் சொல்லி?

இப்ப உடையார்குடிக் கல்வெட்டை எடுங்க. ராஜராஜன்ட ரெண்டாம் ஆட்சியாண்டு. ராஜராஜன்ட அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எண்டு சோமன், ரவிதாசன் எண்ட பஞ்சவன் பிரமாதிராயன், பரமேஸ்வரன் எண்ட இருமுடிச்சோழ பிரமாதிராயன், இவங்கட ஆக்கள்ர காணியைப் பறிமுதல் செஞ்ச விசயம். காணிக் கந்தோர்க் கடிதம் மாதிரி ஒரு துண்டு. ஆனா நடுவுல உத்தம சோழன் 15 வருசம் போல ஆண்டிருக்கார், அப்ப ஏன் பறிமுதல் நடக்கல்ல? சரித்திர ஆசிரியர்மார் உத்தம சோழன் மேலயே சந்தேகப்பட்டாங்க. கல்கி அந்தச் சந்தேகத்தை எடுத்து, அதுக்கு ஆயிரம் வேற கை காட்டி, பாண்டிய ராசாவுக்காக உயிரைக் குடுக்கச் சத்தியம் செஞ்ச ஆபத்துதவிகள், நந்தினி, பழுவேட்டரையர் எண்டு ஒரு வலையே பின்னினார். நந்தினி அவர் படைச்ச ஆள். ரவிதாசன் கல்லுல இருக்கிற ஆள். வந்தியத்தேவரும் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்லுல இருக்கார், குந்தவைட புருசனா ஒரு பேர் மட்டும். அந்த ஒரு பேருக்குக் குதிரை குடுத்து, வாய் குடுத்து, பசி குடுத்து வீராணம் ஏரிக்கரையில ஆடிப்பெருக்கண்டு கொண்டுவந்து விட்டார்.

ஆனைமங்கலச் செப்பேடு இன்னும் சோக்கு. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஒரு ஊரையே குடுத்தான் எண்டு அதுல இருக்கு. சைவ ராசா புத்த விகாரத்துக்கு ஏன் குடுத்தான்? கல்கி அந்த இளவரசனைக் காய்ச்சலோட அதே விகாரத்துல படுக்க வெக்கிறார், பிக்குமார் பார்க்கிறாங்க. செப்பேட்டுக்குப் பதில் சொல்லியாச்சு. (இந்தப் பகுதிதான் எங்கட ஊறிப்போன மூண்டாம் பாகத்துல இருந்த. 15 வருசம் எனக்கு இளவரசர் எப்பிடி விகாரத்துக்குள்ள வந்தார் எண்டே தெரியா.)

திருவாலங்காட்டுச் செப்பேடும் அப்பிடித்தான். சனங்கள் அருள்மொழிவர்மனை (பிறகு ராஜராஜன் ஆனவர்) ராசாவாகச் சொன்னாங்க, சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும் வரைக்கும் தான் வேணாம் எண்டுட்டான். அந்த ஒரு துண்டுதான் அஞ்சாம் பாகம் முழுக்க, தியாக சிகரம் எண்ட பேர் உட்பட.

மே 21

இப்ப என்ட மனக்குறை. இவ்வளவு புகழ்ந்தாலும் எங்கட பக்கத்துல இருந்து படிக்கிறவனுக்கு ஒரு முள்ளு குத்தும். சுழற்காற்று பாதிக்கு மேல இலங்கை. மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம். கல்கி இங்க வந்து பார்த்திட்டுத்தான் எழுதினார். ஆனா இளவரசர் வாறார், எல்லாரும் அவரை விரும்புறாங்க, பிக்குமார் சிம்மாசனத்தையே நீட்டுறாங்க, அவர் வேணாம் எண்டுறார். பிறகு நடந்தது என்ன? அதே ஆள் ராசாவான பிறகு சோழப் படை வந்து அநுராதபுரம் அழிஞ்ச. சிங்கள ராசா அஞ்சாம் மகிந்தன் படைக்குச் சம்பளம் குடுக்க ஏலாம இலங்கையிட தென்கிழக்கு ரோகண நாட்டுக்கு ஓடினான், இந்தச் செய்தியை ஒரு குதிரை யாவாரி சோழ ராசாட்டச் சொல்லிக் குடுத்தான் எண்டு சூளவம்சம் எண்ட பழைய இலங்கைச் சரித்திர நூல் சொல்லுது. 1017ல ராஜேந்திரன் ஆக்கள் ரோகணத்துக்குள்ள வந்து மகிந்தனைப் பிடிச்சிட்டுப் போனாங்க, 12 வருசம் அங்கயே இருந்து செத்தான். விகாரையெல்லாம் உடைச்சு ரத்தம் குடிக்கிற யக்கர் மாதிரி அள்ளிட்டுப் போனாங்க எண்டு அதே நூல் அழுது. ரோகணம் எண்டா எங்கயோ இல்ல, அம்பாறை தீகவாபியும் அதுக்குள்ளதான். கல்கி சோழர் பக்கம் மட்டுமே நிண்டு பார்த்தார் எண்டு எனக்குக் கோபம்.

ஜூன் 4

மே 21 குறிப்பை நான் அழிக்க மாட்டன், ஆனா திருத்தோணும். அக்கரைப்பற்றுக் காக்கா ஒருத்தர் "சுழற்காற்றைத் திரும்பப் படிச்சிட்டுக் கதைங்க தம்பி" எண்டு எழுதியிருந்தார். படிச்சன், ரெண்டு கிழமை எடுத்த.

காக்கா சொன்னது சரி. இளவரசர் இலங்கையில செய்யிற முக்கிய வேலை சண்டையில்ல. போரில இடிஞ்ச விகாரையைத் திருத்துறார். படைக்கு அரிசியை இந்த ஊர்ச் சனத்துட்டப் பறிக்கக் கூடாது, சோழ நாட்டில இருந்து வரோணும் எண்டு நிக்கிறார், பழுவேட்டரையர்மாருக்கு அதுதான் எரிச்சல். சண்டை நடக்கிற ஊர்ல ஆமிக்குச் சோறு எங்கயிருந்து வருது எண்டு கேட்ட சரித்திர நாவல் எத்தனை இருக்கு? நாங்க செக்பொயின்ட் காலத்துல வளர்ந்த ஆக்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி சும்மா கேள்வியில்ல. 14 வயசுல நான் அந்தப் பக்கங்களை வேகமாத் தட்டிப் போட்டு பூங்குழலி வாற இடத்தைத் தேடியிருக்கன்.

கல்கி பின்னால நடக்கப்போற அழிவை மறைச்சார் எண்டு இப்ப நான் சொல்ல மாட்டன். சிறைக்குப் போன காந்தி ஆள், 1950ல இருந்துகொண்டு, ஒரு ராசா எப்பிடி நடந்திருக்கலாம் எண்டு எழுதினார். அது ஆசை. ஆனா ஆசையைச் சரித்திரமா எடுத்துக்கொண்டு சோழர் பெருமை பேசுற ஆக்கள் இப்ப கூடிப்போச்சு, அந்தக் கோபத்தைக் கொண்டு போய் நான் கல்கி தலையில போட்டிட்டன். இன்னும் அரைவாசிக் கோபம் இருக்கு, அது அவரோட இல்ல.

ஜூன் 18

மகளையும் கூட்டிக்கொண்டு உதயதேவி ரயில்ல பொலநறுவைக்குப் போய் வந்தன். காலம ஏறினா ஏறாவூர், வாழைச்சேனை, புனாணை, வெலிக்கந்தை, பிறகு மன்னம்பிட்டிப் பாலம். கீழ மகாவலி. "இந்த ஆத்தைத் தாண்டினா ரோகணம் முடிஞ்சு மத்தப் பக்கம் ராஜரட்டை" எண்டு சொன்னன். அவ போனை வெச்சிட்டு எட்டிப் பார்த்தா.

சோழர் பொலநறுவைக்கு ஜனநாத மங்கலம் எண்டு பேர் வெச்சாங்க. அங்க ரெண்டாம் சிவாலயம் எண்டு போர்ட் போட்டிருக்கிற கல்லுக் கோயில்தான் வானவன் மாதேவி ஈஸ்வரம். சின்னக் கோயில். தஞ்சாவூரை நினைச்சிட்டுப் போனா கையடக்கமாத் தெரியும். சுவர்ல தமிழ் எழுத்து. மகள் விரலை வெச்சு 'ம' வைக் கண்டுபிடிச்சா, பிறகு இன்னொண்டு. நான் சொன்னன், இது நாவல்ல வாற சுந்தர சோழர்ட ராணி, அருள்மொழிட அம்மாட பேர்ல கட்டினது எண்டு.

ஜூன் 19

மகளுக்குச் சொன்னதைத் திருத்திச் சொல்லியாச்சு, இங்கயும் திருத்திறன். வானவன் மாதேவி எண்ட பட்டம் சோழ அரசிகள் ஒருத்தருக்கு மேல வெச்சிருந்தாங்க. ராஜேந்திரன்ட அம்மாவுக்கும் அது இருந்த. நாவல்ல வாற ராணிதான் இது எண்டு அடிச்சுச் சொல்றது பிழை. நாவலைத் தலைக்குள்ள வெச்சுக்கொண்டு கல்லைப் படிச்சா இப்பிடித்தான் நடக்கும்.

ஜூலை 2

தம்பி திரும்ப வந்து "சிவகாமியின் சபதம் எப்பிடி?" எண்டு கேட்டிருக்கார். 1944ல இருந்து 46. மகேந்திரவர்மர், நரசிம்மவர்மர், 642ல வாதாபி எரிஞ்ச. நடனத்தைப் பத்தி இவ்வளவு விசயத்தோட எழுத ஏலுமா எண்டு கேட்டா, கர்நாடகம் எண்ட பேர்ல வருசக்கணக்கா கச்சேரியும் நாட்டியமும் பார்த்து எழுதின ஆளுக்கு ஏலும். நம்மட நாட்டு மானவன்மன் அதுல வாறார், பல்லவர்ட படையோட வந்து இலங்கைச் சிம்மாசனத்தைப் பிடிச்சவர். எனக்கு நடுப்பகுதி இழுக்குது. ஆனா கடைசி அத்தியாயத்துக்காக அந்த இழுவையைப் பொறுக்கலாம்.

ஜூலை 16

அலை ஓசையைப் பத்தி ஒருத்தரும் எழுதல்ல. தன்ட புத்தகங்கள்ல நிலைச்சு நிக்கத் தகுதியானது ஒண்டு இருந்தா அது இதுதான் எண்டு கல்கியே சொன்னது அலை ஓசையைத்தான். 1948, 49ல வந்த. பீகார் பூகம்பத்துல இருந்து பிரிவினை வரைக்கும், காந்தியைச் சுட்டது வரைக்கும். அவர் செத்த பிறகு 1956ல சாகித்திய அகாதெமிப் பரிசும் இதுக்குத்தான் குடுத்தாங்க. நான் இதை முதல் தரம் எடுத்தது 2005ல, சுனாமி அடிச்ச பிறகு, கல்லடியில எங்கட வீடு இருந்த இடத்துல வெறும் அத்திவாரம் நிண்ட காலம், முகாம்ல யாரோ குடுத்த புத்தகக் கட்டுக்குள்ள. பேரைப் பார்த்து ரெண்டு மாசம் திறக்கல்ல. திறந்த பிறகு மூண்டு நாள்ல முடிச்சன். கராச்சி, டெல்லி, அகதி ரயில் எல்லாம் அதுல இருக்கு. பேப்பர்ல நேத்து வந்த செய்தி நாவலாகுது. நூறு வருசம் போனா அதுவும் சரித்திர நாவல் அலுமாரியிலதான் இருக்கும். தம்பி, உங்கட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பதில் அந்தப் புத்தகம்.

ஜூலை 17

இன்னொண்டு. பொன்னியின் செல்வன் முடிஞ்ச உடனே வாசகர்மார் விடல்ல, அவருக்கு என்ன ஆச்சு, இவ எங்க போனா எண்டு கடிதம். கல்கி முடிவுரையில அந்தக் கேள்விகளை எடுத்துப் போட்டுப் பதில் எழுதினார். 293 அத்தியாயம் எழுதின களைப்போட, வருத்தத்தோட, கடைசியா வாசகர் கடிதப் பகுதி! பத்திரிகைக்காரர் எண்டு குறைவாச் சொன்னீங்களே தம்பி, அந்த முடிவுரையை ஒருக்காப் படிங்க.

ஆகஸ்ட் 6

ஆடிப்பெருக்கு போய் மூண்டு நாள். எங்களுக்கு இங்க ஆடியில ஆறு பெருகாது, காச்சான் காத்துதான் அடிக்கும். உன்னிச்சைக் குளம் வான் பாயிறது மார்கழியில. அதால சின்ன வயசுல முதல் அத்தியாயம் எனக்கு வேற உலகம். ஆனா வீராணத்துல 74 கணவாய் எண்டு வந்தியத்தேவன் எண்ணிக்கிட்டுப் போற இடம் மட்டும் உடனே விளங்கின, குளக்கட்டுல நடந்து வளர்ந்த பிள்ளைகள் வான்கதவை எண்ணாமப் போறதில்ல.

இவ்வளவு எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு. நானும் ஒரு நாவல் தொடங்கினன், 2011ல. உலகநாச்சியைப் பத்தி. மட்டக்களப்பு மான்மியம் எண்ட பழைய நூல்ல வாற கதை, கலிங்கத்துல இருந்து வந்து மண்முனையில குடியேத்தம் செஞ்ச பெண், கொக்கட்டிச்சோலைக் கோயிலோடயும் சேர்த்துச் சொல்லுவாங்க. நாலு அத்தியாயத்துல நிண்டு போச்சு. நிருபர் புத்தி, நிரூபிக்க ஏலாத ஒரு வரியும் எழுதக் கூடாது எண்டு கையைக் கட்டிப் போட்டுட்டன். மான்மியத்துல எது நடந்தது, எது கதை எண்டு பிரிச்சுப் பிரிச்சு, கடைசியில அந்தப் பெண் என்ட கொப்பிக்குள்ள ஒரு சொல் கதைக்கல்ல. கல்கி நிருபர் புத்தியைக் கேள்வி கேக்கிறதுக்கு வெச்சுக்கொண்டார், பதிலைக் கதைக்கு விட்டார். இந்த மூண்டு மாசம் உங்களோட மல்லுக்கட்டினதாலதான் எனக்கு அது விளங்கின.

ஆகஸ்ட் 20

பழைய நாலு அத்தியாயத்தையும் ஒதுக்கி வெச்சாச்சு. புதுசா ஒண்டு எழுதியிருக்கன். மண்முனைத் துறை, பாலம் வாறதுக்கு முந்தி நாங்க பாதையில, அதாவது ஆக்களை ஏத்திற மிதவையில, கடந்த அதே இடம். இருட்டுற நேரம், வாவியில மீன் பாடுற சத்தத்துக்கு ஒருத்தன் துடுப்பைத் தண்ணியில விட்டுக் காதை வெச்சுக் கேட்டுக்கொண்டிருக்கான். தூரத்துல ஒரு வள்ளம் வருது, விளக்கு இல்ல. அதுல இருந்து முதல்ல இறங்கிறது ஒரு சின்னப் பிள்ளை.

மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். 84 வயசு, கண் தெரியா. "பிறகு?" எண்டு கேட்டா. அடுத்த கிழமை எண்டன்.